பதினேழாம் நாளில் தொடங்கும் கதைகள்

தங்கள் மகளின் பெயரில் இந்த அறக்கட்டளையை நிறுவிய பெற்றோர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் கல்லூரிகளில் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் பல, இறந்துபோன ஒருவரின் நினைவில் நடப்பவை. அப்பாவின் பெயரில் ஒன்று இருக்கும். பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயரில் ஒன்று இருக்கும். சில சமயம், பெற்றவர்களுக்கு முன்னால் போய்விட்ட பிள்ளையின் பெயரில் இருக்கும். ஒரு தொகையை வங்கியில் வைப்புநிதியாகப் போடுகிறார்கள். அந்த வட்டியில் ஆண்டுக்கு ஒரு நாள் நூறு பேர் கூடி, அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். பேச வருகிறவர் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், சங்க இலக்கியமோ சோழர் கல்வெட்டோ. பெயர் மட்டும் சொல்லப்பட வேண்டும். இழந்தவர்கள் தங்கள் இழப்புக்கு இந்த ஊரில் ஒரு நிரந்தர இடம் பிடித்துக்கொடுக்கும் ஏற்பாடு இது. அதனால்தான், எந்தத் தலைப்பில் வேண்டுமானாலும் பேசலாம் என்று சொன்ன பிறகும், சிறுகதை துக்கத்தை எப்படிக் கையாள்கிறது என்பதையே நான் எடுத்துக்கொண்டேன்.

துக்கத்தை அறியாத இலக்கியம் நம்முடையது அல்ல. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையையும் வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்தபோது இழவையும் அவற்றில் ஒன்றாகச் சொன்னது. புறநானூற்றில் கையறுநிலை என்று ஒரு துறையே இருக்கிறது. பாரி இறந்தபின் கபிலர் பாடியவையும், அதியமான் இறந்தபின் ஔவை பாடியதும் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் வகுப்பறையில் யாராவது ஒரு மாணவியைத் தலைகுனிய வைக்கின்றன. ஏட்டுக்கு வெளியே ஒப்பாரி இருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்து, இறந்தவரை நேருக்கு நேர் 'நீ' என்று கூப்பிட்டு, அவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் கேட்டார்கள். ஊர் கூடி அழுவதற்கென்று நாள் குறித்து, இடம் குறித்து, பாட்டும் வைத்திருந்த சமூகம் இது. நெல்லையில் துட்டி கேட்கப் போவார்கள்; மதுரை, இராமநாதபுரம் பக்கம் கேதம் கேட்கப் போவார்கள். கேட்கப் போகிறவர் ஒன்றும் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தால் போதும்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரு தேதியோடு முடிகிறது. பல சமூகங்களில் பதினாறாம் நாள், சிலரிடம் பதின்மூன்றாம் நாள், யாழ்ப்பாணத்தில் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி. கருமாதிச் சாப்பாடு முடிந்து, பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பிய பிறகு, வந்தவர்கள் ஊர் திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் வயலும் வேலையும் இருக்கின்றன. மறுநாள் காலை அந்த வீட்டில் எழுந்திருப்பவர் தனி ஆள். காப்பிக்கு இத்தனை டம்ளர் என்று கை பழகிய கணக்கில் ஒன்று அதிகமாக எடுத்துவிட்டு, அதைத் திரும்ப வைக்கிறார். அந்தப் பதினேழாம் நாளுக்கு நம் மரபில் சடங்கு இல்லை. அதற்குப் பாட்டும் இல்லை.

சிறுகதை என்ற புதிய வடிவம் அந்த நாளைத்தான் எடுத்துக்கொண்டது. இன்று நான் சொல்ல வந்ததும் அதுவே: உலகில் துக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகச்சிறந்த சிறுகதைகள் மரணத்தில் முடிவதில்லை, மரணத்துக்குப் பிறகு தொடங்குகின்றன.

ருஷ்யாவிலிருந்து தொடங்குகிறேன். அன்டன் செக்காவ் 'துயரம்' என்ற கதையை 1886 ஜனவரியில் வெளியிட்டார். அப்போது அவருக்கு 26 வயது. பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பனி பெய்யும் மாலையில் ஐயோனா பொத்தாபவ் என்ற குதிரைவண்டிக்காரக் கிழவர் சவாரிக்குக் காத்திருக்கிறார். அவர் மகன் இறந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. முதலில் ஏறும் இராணுவ அதிகாரியிடம் சொல்கிறார். அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்து ஏறும் மூன்று இளைஞர்கள் எல்லாரும் ஒருநாள் சாகத்தான் போகிறோம் என்கிறார்கள், வண்டி மெதுவாகப் போகிறது என்று பிடரியில் அடிக்கிறார்கள். தங்குமிடத்தில் ஓர் இளம் வண்டிக்காரனிடம் தொடங்குகிறார். அவன் பாதியில் தூங்கிப்போகிறான். கடைசியில் லாயத்துக்குப் போய், தீனி மென்றுகொண்டிருக்கும் தன் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்.

எல்லாரும் அந்தக் குதிரையைத்தான் பேசுவார்கள். என்னை உலுக்குவது அதற்குச் சற்று முன்னால் வரும் இடம். எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஐயோனா மனத்துக்குள் ஒரு வரிசை வைத்திருக்கிறார். மகன் எப்படி நோயில் விழுந்தான், என்ன பாடுபட்டான், போகும் முன் என்ன சொன்னான், எப்படிப் போனான், அடக்கம் எப்படி நடந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் துணிகளை வாங்கி வந்தது எப்படி என்று எல்லாவற்றையும் நிதானமாக, ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். கேட்பவர் பெருமூச்சு விட வேண்டும், அரற்ற வேண்டும். பெண்களிடம் சொன்னால் இன்னும் நல்லது, இரண்டு சொல்லிலேயே அழுதுவிடுவார்கள் என்றும் நினைக்கிறார். செத்தவீட்டுக்குப் போய் வந்த நம் ஆள் எவருக்கும் இது விளங்கும். துட்டிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் வீட்டுக்காரர் அதே கதையை, முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டார் என்பதிலிருந்து தொடங்கிச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பத்தாவது முறை சொல்லும்போது அது கதையாகவே ஆகியிருக்கும். அப்படி ஆவதுதான் அவரைக் காப்பாற்றுகிறது. ஐயோனாவுக்கு அந்தப் பத்து முறை கிடைக்கவில்லை. முதல் முறையே கிடைக்கவில்லை.

அவர் ஆண் என்பதையும் பார்க்க வேண்டும். நம் மரபிலும் ஒப்பாரி பெண்களுக்கு உரியது. வடசென்னையில் மரண கானா பாடும் ஆண்கள் இருக்கிறார்கள். அது அந்த மண்ணின் பெருமை. மற்ற இடங்களில் ஆண் பந்தலில் நின்று பாடைக்கு மூங்கில் வந்ததா என்று விசாரிப்பான், துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். நான் இன்று பேசும் கதைகளில் ஆண்கள் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டு மறுத்தவர்களைச் சிறுகதை ஏற்றுக்கொண்டது.

புதுமைப்பித்தன் 1940களில் எழுதிய 'செல்லம்மாள்' நம் மொழியில் இந்த வகையில் எழுதப்பட்ட ஆகப் பெரிய கதை என்பது என் முடிவு. முதல் வாக்கியத்திலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். பிறகு வருவதெல்லாம் பிரமநாயகம் பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்குச் சென்னை வந்து, ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். உற்றார் உறவினர் எல்லாரும் ஐந்நூறு அறுநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். மனைவிக்கு ஓயாத நோய். விடியுமுன் எழுந்து அவளுக்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடி, இரவு திரும்பி மறுபடி அவளைப் பார்த்துக்கொண்டவர். அவள் போனதும் அவர் மனத்தில் வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருப்பதைப் புதுமைப்பித்தன் மறைக்காமல் எழுதினார். அன்றைய பத்திரிகைக் கதைகளில் கணவன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருப்பான். நீண்ட நோய்க்குப் பணிவிடை செய்த ஒவ்வொருவருக்கும் இந்த நிம்மதி தெரியும். அதைத் தெரிந்துகொண்டதற்காகத் தங்களையே மன்னிக்காமல் வருடக்கணக்காக வாழ்கிறவர்களும் உண்டு. உன் நிம்மதி உன் அன்புக்கு எதிரானதல்ல என்று அவர்களிடம் எந்தச் சடங்கும் சொல்லாது. இந்தக் கதை சொல்கிறது.

பிறகு அவர் என்ன செய்கிறார்? யாரையும் கூப்பிட்டு அழவில்லை. வெந்நீர் போட்டு அவள் உடம்பைக் குளிப்பாட்டுகிறார். அவளுக்கென்று கடையிலிருந்து எடுத்து வந்திருந்த புடவை இருக்கிறது. முகத்தில் ஈ உட்காரக் கூடாது என்று விசிறுகிறார். உயிரோடு இருந்தபோது அவளுக்குச் செய்த அதே வேலைகளைத்தான் அந்த இரவிலும் கைகள் செய்கின்றன. அவர் அன்பு எத்தனை ஆழமானது என்று ஆசிரியர் எங்கும் விவரிக்கவில்லை. கைகளைக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறார்.

துக்கத்தை எழுதத் தெரிந்தவர்கள் கண்ணைவிட்டுக் கையைப் பார்க்கிறார்கள். ஜப்பானில் அகுதாகவா 1916இல் எழுதிய 'கைக்குட்டை' கதையில், மாணவன் ஒருவனின் தாய் பேராசிரியர் வீட்டுக்கு வந்து மகன் இறந்த செய்தியைப் புன்னகையோடு சொல்கிறாள். ஏழாம் நாள் முடிந்திருக்கிறது. பேராசிரியர் கீழே விழுந்த விசிறியை எடுக்கக் குனிகிறார். மேசைக்கடியில் அவள் கைகள் கைக்குட்டையைக் கிழிந்துவிடுமளவு முறுக்கிக்கொண்டு நடுங்குவதைக் காண்கிறார். அவ்வளவுதான்.

காதரின் மான்ஸ்ஃபீல்டு 1922இல் எழுதிய 'ஈ'யில் வரும் கை வேறு வகை. லண்டனில் செழிப்பான அலுவலகம், அதன் முதலாளி, போரில் இறந்த ஒரே மகன். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய நண்பர் ஒருவர் வந்து, தன் பெண்கள் பெல்ஜியத்துக்குப் போய்ப் போர்க் கல்லறைகளைப் பார்த்ததையும், உங்கள் பையனின் கல்லறையும் நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறார். முதலாளி கதவைச் சாத்தி, அரை மணி நேரம் யாரையும் விடாதே என்று சொல்லிவிட்டு, அழுவதற்குத் தயாராக உட்காருகிறார். அழுகை வரவில்லை. மைக்கூட்டில் விழுந்த ஓர் ஈயைப் பேனாவால் தூக்கி வெளியே விடுகிறார். அது சிறகைத் துடைத்துப் பறக்கத் தயாராகும்போது அதன்மேல் ஒரு சொட்டு மை விடுகிறார். மறுபடி துடைக்கிறது, மறுபடி விடுகிறார். அது சாகும்வரை. பிறகு தான் எதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதே அவருக்கு நினைவு வரவில்லை.

மான்ஸ்ஃபீல்டின் தம்பி லெஸ்லி 1915 அக்டோபரில் பெல்ஜியத்தில் கையெறி குண்டு விபத்தில் இறந்தவர். அந்த மண்ணின் கல்லறைகளை மான்ஸ்ஃபீல்டு கதைக்குள் கொண்டுவந்தபோது தன் மரணமும் அவருக்குத் தொலைவில் இல்லை. அடுத்த ஜனவரியில் காசநோயால் இறந்தார், வயது 34. செக்காவையும் புதுமைப்பித்தனையும் கொண்டுபோனது அதே காசநோய்தான், ஒருவரை 44 வயதில், மற்றவரை 42இல். இந்த மூவருக்கும் மரணம் கற்பனைப் பொருள் அல்ல. மான்ஸ்ஃபீல்டு எழுதிய உண்மை கொடியது: கண்ணீர் ஆறு ஆண்டுகளில் வற்றிவிடலாம், அதற்குப் பெயர் ஆறுதல் அல்ல. ஆற்றாத துக்கம் மேசைமேல் கிடக்கும் மிகச் சின்ன உயிரின்மீது இறங்கும். பிள்ளையை இழந்த வீட்டில் மிச்சமிருக்கும் பிள்ளை காரணமில்லாமல் அடி வாங்குவதை அறிந்தவர்களுக்கு இந்தக் கதைக்கு உரை தேவையில்லை. ஒரு கை ஈயை விரட்டி விசிறுகிறது, ஒரு கை ஈயின்மேல் மையைச் சொட்டுகிறது. இரண்டும் துக்கத்தின் கைகளே.

மான்ஸ்ஃபீல்டே எழுதிய 'மா பார்க்கரின் வாழ்க்கை'யையும் தேடிப் படியுங்கள். பேரனை முந்தின நாள் அடக்கம் செய்துவிட்டு, வீட்டு வேலைக்கு வந்து நிற்கும் மூதாட்டி. எங்காவது தனியாக உட்கார்ந்து ஒரு முறை வாய்விட்டு அழ வேண்டும், அதற்கு லண்டன் முழுக்க இடமில்லை. நம் நகரங்களும் அந்த லண்டனை நெருங்கிவிட்டன. வாடகை வீட்டில் இறந்தவரை ஒரு ராத்திரி வைத்திருக்க வீட்டுக்காரர் சம்மதிக்காததால், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்குப் போன குடும்பங்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். துட்டிக்கு உட்காரத் திண்ணை இல்லை, அடுக்குமாடியில் ஒப்பாரி வைத்தால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு. நகரத்தில் பிரமநாயகம் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் ஒரு கதையில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் அதை அவர் இரண்டு முறை வெளியிட்டார். ஒரு தாய் மகனின் பிறந்தநாளுக்குப் பேக்கரியில் கேக் சொல்கிறாள். பிறந்தநாள் காலையில் பள்ளிக்கு நடந்துபோகும் பையன் மீது கார் மோதுகிறது. கேக்கை வாங்க வராததால் கோபமடைந்த பேக்கரிக்காரர், நடந்தது தெரியாமல், வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொல்லை கொடுக்கிறார். பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் கடுமையாக வெட்டிச் சுருக்க, 1981இல் வந்த வடிவம் ஒரு தொலைபேசி மணியோடு முடிந்துவிடுகிறது. பையன் பிழைப்பானா என்பதுகூடத் தெரியாது. படிப்பவருக்கு ஒரு நடுக்கம் மிஞ்சும், அதில் திறமை உண்டு. கார்வர் அதை அப்படி விட்டுவைக்கவில்லை. 1983இல் 'கதீட்ரல்' தொகுப்பில் அந்தக் கதையை முழு நீளத்தில், 'ஒரு சிறிய, நல்ல விஷயம்' என்று பொருள்படும் பெயரில் வெளியிட்டார். அதில் பையன் இறந்துவிடுகிறான். பெற்றோர் நள்ளிரவில் ஆத்திரத்தோடு பேக்கரிக்குப் போகிறார்கள். விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், அடுப்பிலிருந்து எடுத்த சூடான இலவங்கப்பட்டை ரொட்டியும் காப்பியும் கொடுக்கிறார். பிள்ளையில்லாத தன் தனிமையைப் பற்றிப் பேசுகிறார். விடியும்வரை எழுந்துபோக அவர்களுக்கு மனமில்லை.

சுருக்கமான வடிவமே நவீனமானது, நீண்டது உணர்ச்சிவசப்பட்டது என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. முதல் வடிவம் அதிர்ச்சியோடு நிற்கிறது. இரண்டாவது அதிர்ச்சிக்குப் பிறகான இரவுக்குள் போகிறது. அங்கே போவதுதான் கடினம். ரொட்டி பிள்ளையைத் திருப்பித் தராது. பேக்கரிக்காரரும் அப்படிப் பாசாங்கு செய்யவில்லை. சாப்பிடுங்கள் என்கிறார். பிணம் எடுத்துப் போகும்வரை அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து காப்பியும் இட்லியும் கொண்டுவந்து வற்புறுத்தும் வழக்கம் உள்ள நமக்கு இந்த முடிவின் மதிப்பு தெரியும். கார்வர் கடைசிக் காலத்தில் வெளியிட்ட கதை ஒன்று செக்காவின் மரணத்தைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐயோனாவுக்குக் கிடைக்காத செவியை நூறு ஆண்டு கழித்து இன்னொரு நாட்டில் அவருடைய மாணவர் எழுதினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி வரும். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, கடைசியில் ஏற்பு வரும் என்று படித்திருக்கிறோமே என்று. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய அந்தப் புத்தகம் சாகப்போகும் நோயாளிகளோடு பேசி எழுதப்பட்டது. உயிரோடு மிஞ்சியவர்களுக்கு அதைப் பொருத்தியது பிறகு நடந்தது. மிஞ்சியவர்கள் இறந்தவரோடு உறவைத் தொடர்கிறார்கள், அதில் நோய் ஏதும் இல்லை என்று பேசும் ஆய்வுத் தொகுப்பு 1996இல் வந்தது. திவசத்தன்று அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய்க் கறியைச் சமைத்து இலை போடும் நம் வீடுகளுக்கு அது புதுச் செய்தி அல்ல. ஓராண்டு கடந்தும் எழுந்து நடமாட முடியாதபடி ஒருவரை அழுத்தும் துக்கத்தை மருத்துவம் இப்போது ஒரு நோயாகவும் வகைப்படுத்தியிருக்கிறது. அப்படிப்பட்டவரைக் கட்டாயம் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அந்த இடத்தில் கதை போதாது.

இன்னும் எழுதப்பட வேண்டிய ஒரு துக்கம் இருக்கிறது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20ஆம் தேதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தாய்மார், கையில் மகனின் படம். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். இவர்களுக்கு முப்பத்தொன்றாம் நாள் எங்கிருந்து எண்ணுவது? அந்தியேட்டி செய்தால் மகன் இறந்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகும். செய்யாவிட்டால் துக்கத்துக்குத் தொடக்கமே இல்லை. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல் அங்கே சட்டம் வழி செய்தது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பதா வேண்டாமா என்பதற்கு எந்தச் சான்றிதழில் பதில் இருக்கும்? அந்தத் தட்டைப் பற்றி எழுத வேண்டியவர்கள் கதைக்காரர்கள். ஈழத்து எழுத்தாளர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நாம் இங்கே அந்தக் கதைகளைத் தேடி வாசிப்பது போதவில்லை.

இங்கே கதை எழுதும் மாணவர்கள் இருக்கிறீர்கள். ஆண்டுதோறும் கல்லூரி மலர்களில் வரும் கதைகளைப் படிக்கிறேன். பலவற்றில் கடைசிப் பத்தியில் யாராவது இறக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது, கதை முடிகிறது. வாசகரை அழவைக்க அது போதும் என்று நினைக்கிறீர்கள். அந்த மரணத்தை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அந்த வீட்டில் மூன்று மாதம் தங்குங்கள். இறந்தவரின் கைப்பேசியை யார் சார்ஜ் போடுகிறார்கள், குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்க யார் வரிசையில் நிற்கிறார்கள், அவர் சட்டையை யார் போட்டுக்கொள்கிறார்கள், யார் போடக்கூடாது என்று சண்டை பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கதை அங்கே இருக்கிறது.

கதை எழுதாதவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு நீங்கள் கேதத்துக்குப் போய் வந்த வீடு ஒன்று இருக்கும். கருமாதியோடு அந்தப் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். இந்த மாதம் ஒரு முறை போங்கள். இறந்தவரின் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள். சொன்னால் அழுதுவிடுவார்களே என்று தயங்க வேண்டாம். அவர்கள் அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னால், முன்பே கேட்டதுதான் என்றாலும், முழுக்கக் கேட்டுவிட்டு வாருங்கள்.